நாலாவது அநியாயம்

முதலாவது, பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டுகிற சைடராக அவர் சேர்ந்த புதிதில், இடுப்பில் செருகி வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தை மேஸ்திரி உருவியெடுத்து, கசக்கி, அவர் வாயிலேயே திணித்தது. இரண்டாவது, அதே மாதிரிப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தொழிற்சட்டம் கற்றுக்கொண்ட அவரை வாசலில் நிறுத்திவிட்டு, படித்த தலைவர்கள் உள்ளே போய் நிர்வாகத்தோடு கோழிக்குழம்பு சாப்பிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. மூன்றாவது, ஆலைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, பூட்டியது நாங்கள் இல்லை, தொழிலாளிகளே வேலையை விட்டு ஓடிவிட்டார்கள் என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. நாலாவது, கோணிப்பை. ஐந்தாவது என்று மனசு ஆரம்பித்தபோது, அவருடைய வலது கால்மேல் இருந்த நாயின் தாடை ஒரு முறை உயர்ந்து, மூச்சை நீளமாக விட்டு, மறுபடி அதே இடத்தில் இறங்கியது. அந்த மூச்சின் சூடு செருப்புக்கும் விரலுக்கும் நடுவில் புகுந்து பரவியது. ஐந்தாவது கலைந்துவிட்டது. பெத்துராசு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் பிடித்துக்கொண்டு போக முடியாது. மற்றவர்கள் குளித்து முடித்ததும் சாமி பெயரைச் சொல்வார்கள், அவர் வருஷத்தில் இந்த ஒரு காலையில் அநியாயங்களைச் சொல்லிக்கொள்வார், வரிசையாக, ஒன்றும் விடாமல். வரிசை தப்பினால் கோபம் ஏறாது. முதலாவது, மேஸ்திரி. அந்தக் காகிதத்தின் ருசிகூட நாக்கில் இருக்கிறது, மையும் வியர்வையும் பஞ்சுத்தூசியும் சேர்ந்த ருசி. இரண்டாவது, கோழிக்குழம்பு. மூன்றாவது, நோட்டீஸ். நாலாவது, கோணிப்பை. கோணிப்பைக்கு வந்ததும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது, இது என்னடா கொடுமை, காலை வெயில் வேறு முதுகில் இதமாகத் தடவுகிறது, டீக்கடையிலிருந்து உளுந்துவடை வாசனை வருகிறது, எழுபதை நெருங்கிய மனுஷனுக்குக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறது இந்த ஊர்.

இன்றைக்குக் கோபம் வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் வேறு எப்போது. ஆலைக் கதவு பூட்டிய நாள் இது. கதவு இன்னும் இருக்கிறது, ஆலைதான் இல்லை. எந்திரங்கள் போய், சங்கு போய், பஞ்சுக் குடோன் மட்டும் மிஞ்சி அதுவும் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டது. உள்ளே யாருக்கோ முகூர்த்தம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கரைகிறது, வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. கதவுக்கு வெளியே தெருவோரமாகப் பந்தல்கூட இல்லாமல் வேலை போனவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டுச்சேலைப் பெண்கள் கார்களிலிருந்து இறங்கி, இவர்கள் மாப்பிள்ளை வீட்டாரா பெண் வீட்டாரா என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். இந்தக் கூட்டத்தின் முறை பெத்துராசு கண்டுபிடித்தது. வேறு எதை மறுத்தாலும் அதை யாரும் மறுக்க முடியாது. வேலைக்கு வரவே இல்லை, ஓடிவிட்டார்கள் என்று நிர்வாகம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில், முதல் ஷிப்ட் நேரத்துக்கு எல்லாரையும் கதவுக்கு வெளியே வரிசையாக உட்கார வைத்தார். பெயரை வாசிக்க வேண்டும். பெயருக்கு உரியவன் எழுந்து நிற்க வேண்டும். அவன் நின்றதும், வாசித்தவர் தெருவைப் பார்த்துத் திரும்பி அதே பெயரை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும், டீ குடிக்கிறவன், பஸ்ஸுக்கு நிற்கிறவன், பூக்கூடைக்காரி எல்லாருக்கும் கேட்கிறபடி. தெரு, "பார்த்தோம்" என்று சொல்லும். அவ்வளவுதான். ஊரே சாட்சி. எந்த வக்கீல் வந்து எவன் ஓடிவிட்டான் என்று கேட்டாலும் பதில் தெருவில் நிற்கும். அதற்குப் பிறகு வழக்கு வந்து, பாதித் தீர்ப்பு வந்து, மீதிப் பாதி மேல்கோர்ட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் வாசிப்பு மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிறது. செத்தவர்களுக்கு வீட்டு ஆள் ஒருவர் நிற்பார். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பெயர் புதிதாக வரிசையில் ஏற வேண்டுமானால், அந்தப் பெயர்க்காரன் ஒரு தடவையாவது இந்தக் கதவுக்கு முன்னால் பெயர் கேட்டுத் தன் சொந்தக் காலில் நின்றிருக்க வேண்டும். யாரும் யாரையும் தூக்கி நிறுத்தக் கூடாது. அதுவும் அவர் போட்டதுதான், பெரிய ராஜதந்திரம் என்று நினைத்துப் போட்டது, இப்போது பாருங்கள், அவர் கழுத்துக்கே சுருக்காக வந்து நிற்கிறது. காலடியில் கிடக்கிறவனின் பின்னங்கால்கள் மழைக்காலத்திலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. அடுத்த வருஷம் இந்த நாளுக்கு அது இருக்காது. அவர் கால்நடை டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார். இன்றைக்கு வாசித்தால் உண்டு.

அதைத்தான் போன மாதம் சங்கக் கமிட்டியில் கேட்டார். அது எட்டாவது. வரிசையில் இன்னும் எட்டாவதுக்கு வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டது. செயலாளர் தங்கப்பழம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார், "யோவ் பெத்து, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? செத்தவங்க பேரு இருக்கிற வரிசைய்யா அது. அவங்க பொண்டாட்டி பிள்ளைக முன்னாடி நாய் பேரை வாசிச்சா செருப்பைக் கழட்டுவாங்க." "நாய் இல்ல. மாசிலாமணி." "சரி, மணி." "மணி இல்லய்யா. மாசிலாமணி." "ஊர்ல முக்கால்வாசி நாய்க்கு மணின்னுதாம்ப்பா பேரு." கமிட்டியே சிரித்தது. தங்கப்பழம் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மேஸ்திரி காகிதத்தை வாயில் திணித்த அன்று தண்ணீர்ச் செம்பை நீட்டியது இதே தங்கப்பழம்தான், அதற்காக அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அவமானமாம். யாருக்கு அவமானம்? சிரித்த எட்டுப் பத்துப் பேரில் கதவுக்கு முன்னால் தடியடி விழுந்த அன்று நின்றவன் எத்தனை பேர், செருப்பை விட்டுவிட்டு ஓடினவன் எத்தனை பேர், சொல்லட்டுமா, பெயர் பெயராகச் சொல்லட்டுமா என்று அன்றைக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் கிளம்பினார். வீட்டில் மனைவி குருவம்மா, "நாய்க்கு எண்ணெ தேச்சு நீவி விடுறீகளே, என்னைக்காச்சும் எம் முட்டிக்குத் தைலம் தேய்க்கணும்னு தோணுச்சா?" என்றாள், சொல்லிக்கொண்டே அதன் வாய்க்கு நேராகத் தயிர்சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தினாள். மூன்று தெரு தாண்டி வருவதற்குள் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் இரண்டு பேரும் நின்று நின்று வந்தார்கள், அதற்கு இடுப்பு, இவருக்கு நெஞ்சில் பஞ்சு. யாருக்காக யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. அது ஒரு சௌகரியம். சரி, வரிசைக்கு வருவோம். முதலாவது மேஸ்திரி, இரண்டாவது குழம்பு, மூன்றாவது நோட்டீஸ்.

நாலாவது, கோணிப்பை. ஆலை பூட்டிய கொஞ்ச நாளில், தோப்பு வீட்டு முதலாளியின் வேலையாள் ஒருவன் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் போனான். பைக்குள் ஏதோ நெளிந்தது. "என்னப்பா பையில?" "கலர் விழுந்ததுண்ணே. கெணத்துக்குத்தான்." "கலர்னா?" "நம்ம ஊரு வேட்டைநாய் பால் மாதிரி வெள்ளையா இருக்கணும்லண்ணே, மூக்கு ரோசாப்பூ மாதிரி. இது ஒரு காது செவலையா விழுந்துருச்சு. வெளிய தெரிஞ்சா வம்சத்துக்கே கெட்ட பேருன்னு முதலாளி சொல்லிட்டாரு." ஒரு காது. கண்கூடத் திறந்து நாலு நாள் ஆகாத உயிர், ஒரு காதுக்காகக் கிணறு. பெத்துராசுவுக்கு அன்று வந்த கோபம் வாழ்க்கையில் வந்த கோபங்களிலேயே ரொம்பச் சுத்தமான கோபம், அதில் தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை. அவன் கூடவே போய்க் கிணற்று மேட்டில் நின்று பேசினார். பிறப்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, யார் யாரை எந்த அளவுகோலால் அளப்பது என்பதைப் பற்றி, பிரசுரங்களில் படித்ததையெல்லாம் அந்த ஒற்றை ஆளுக்கு முன்னால் கொட்டினார். அவன் பையைக் கீழே வைத்து ஒரு பீடி குடித்தான், இன்னொரு பீடியும் குடித்தான், கடைசியில், "அண்ணே, நீங்களே வச்சுக்கங்க. பேச்சை மட்டும் நிறுத்துங்க, எனக்கு ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று போய்விட்டான். பையின் வாயைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாக ஒரு கை அளவு உயிர், அத்தனை சத்தத்துக்கும் அசையாமல், அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னமாய்க் கேட்கிறது பார் என்று அவருக்கு நெஞ்சு விம்மிற்று. குறை சொல்லித் தள்ளினீர்கள் அல்லவா, இந்தா, மாசிலாமணி என்று பெயர். தாலுகா ஆபீஸில் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கிற மாதிரிப் பெயர். அன்றைக்கு வேட்டி மடிப்பில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அது அவர் வயிற்றில் மூத்திரம் போனது, இளஞ்சூடாக. வேலையில்லை, கதவு பூட்டு, வீட்டில் அரிசி அளவாக இருக்கிறது, ஆனாலும் அந்த வரப்பில் அவர் சிரித்துக்கொண்டேதான் நடந்தார். அநியாயத்தின் வரிசையில் இதை ஏன் வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எடுத்துவிட்டால் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓட்டை விழும். இருக்கட்டும்.

ஐந்தாவது, சிறை. இந்தத் தடவை வந்துவிட்டது. கதவை மறித்ததாக வழக்குப் போட்டு மாவட்டச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படுத்தபடி அவர் நினைத்ததெல்லாம் நாளைக் காலை பெயர் வாசிக்கும்போது தன் பெயருக்கு இடம் வெறுமையாக இருக்கும், நிர்வாகம் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான். திரும்பி வந்தபோது எதிர்த்தாற்போல் டீக்கடை வைத்திருக்கும் சுப்புத்தாய்தான் சொன்னாள். "ஒங்க எடம் ஒரு நாளும் காலியா இல்லண்ணே. விடிஞ்சதும் அது பாட்டுக்கு வந்துரும். நீங்க ஒக்காருவீகள்ல, அதே எடம். அக்கம்பக்கத்து ஆளுக எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறதப் பாத்துட்டு அதுவும் எந்திரிச்சு நிக்கும். வாசிச்சு முடிஞ்சா ஒரு வறுக்கி ரொட்டி, வாங்கிட்டு வீட்டைப் பாத்துப் போயிரும். ஒரு ஆளைவிட ஒழுக்கம்." சுப்புத்தாயின் புருஷன் சொரிமுத்து ஆலையில் நூற்றவர், கதவு பூட்டியிருந்த காலத்திலேயே நெஞ்சில் தூசி அடைத்துச் செத்தார், அவர் பெயருக்கு அவள்தான் வருஷா வருஷம் நிற்கிறாள். ஆறாவது, கோர்ட்டு. நிர்வாகத்தின் வக்கீல் சாட்சிக் கூண்டில் அவளைப் பார்த்து, "அந்த நாட்களில் பெத்துராசு வந்தாரா, அவருடைய நாய் வந்ததா, தெளிவாகச் சொல்லுங்கள்," என்றார், அறையே குலுங்கிச் சிரித்தது. சுப்புத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நாய்தாங்கய்யா வந்துச்சு. ஒங்க மேனேஜர் ஒரு நாள்கூட வரலையே," என்றாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அநியாயமாக ஆரம்பித்து இப்படி நல்லபடியாக முடிந்துவிட்டதை எந்த வரிசையில் வைப்பது. கோபம் ஏறுகிற நேரத்துக்குச் சுப்புத்தாய் முந்தானையைச் செருகுகிறாள். இப்போது அதோ எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை அரித்து எடுத்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்க்கிறாள், என்ன அப்படிப் பார்க்கிறாள், நான் தனியாகச் சிரித்தேனோ.

ஏழாவதை அவர் எப்போதும் வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவார். ஏழாவது, மாசிலாமணிக்குக் காது கேட்காது என்று ஊர் சொன்னது. இந்தப் பக்கம் தீபாவளி என்றால் சாதாரணத் தீபாவளியா, பட்டாசு செய்கிற பூமி, தெரு முழுக்கச் சரவெடி, எல்லா நாயும் கட்டிலுக்கு அடியிலும் சாக்கடைக்குள்ளும் போய் நடுங்கும், இது மட்டும் வாசற்படியில் மல்லாந்து தூங்கும். தடியடி அன்று கண்ணீர்ப்புகைக் குண்டு டமார் என்று வெடித்தபோதும் அவர் முழங்காலை ஒட்டியே நின்றது. அவர் அதை மேடையில் பேசினார். "தோழர்களே, வெடிச்சத்தத்துக்கு வால் மடக்காத ஒரு உயிரை எனக்குத் தெரியும்" என்று எத்தனை கூட்டத்தில் பேசினார், கைதட்டினார்களே, சிரித்துக்கொண்டே தட்டினார்களா, எல்லாருக்கும் தெரிந்திருந்ததா. டாக்டர் அதன் தலைக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தார், அது அவர் முகத்தைப் பார்த்தபடி வாலை ஆட்டியது. "பிறவியிலேயே கேட்காதுங்க. இந்த வெள்ளை இனத்துல சில குட்டிக்கு இப்படி வரும்." அவர் டாக்டரோடு சண்டை போட்டார். தட்டு சரியில்லை என்றார். நீங்கள் அடிப்பது அதற்கு மரியாதையாகப் படவில்லை, அதனால் திரும்பவில்லை என்றுகூடச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் கை தானாகப் போய் அதன் முதுகில் கழுத்திலிருந்து வால்வரை ஒரு தடவு தடவியது, அது படுத்துக்கொண்டது. எழும்ப வேண்டும் என்றபோது இரண்டு விரலால் தோளில் இரண்டு தட்டு, அது எழுந்துகொண்டது. அப்போதுதான் பார்த்தார், கை எப்போதிருந்து இப்படிப் பேசுகிறது? நான் எப்போதாவது இதற்கு உட்கார் என்று வாயால் சொன்னேனா? வாய் மேடை மேடையாகப் பெருமை பேசிக்கொண்டிருந்த வருஷங்களில் கை எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், தன் வேலையைப் பார்த்திருக்கிறது. அன்று ராத்திரி குருவம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவமானம் முதலில் வந்தது. கிணற்று மேட்டுப் பேச்சை அது கேட்கவே இல்லை, சிறைக்குப் போவதற்கு முன் அதன் காதைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாரே, அதையும் கேட்கவில்லை, இத்தனை கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டாமல் பார்த்ததே, ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை. அப்புறம், ரொம்ப நாள் கழித்து, கட்டிலில் புரண்டு படுக்கும்போது வேறு மாதிரித் தோன்றியது. பேச்சைக் கேட்டு வந்தவன் எல்லாம் பேச்சு ஓய்ந்ததும் போனான். வேறு இடத்தில் வேறு பேச்சு, இன்னும் நல்ல பேச்சு. இது பேச்சுக்காக வரவில்லை. அப்படியானால் எதற்காக வந்தது, என்னிடம் வேறு என்ன இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை, பிடிபடாமலே தூக்கம் வந்தது, அப்படி நல்ல தூக்கம் அதற்கு முன் வந்ததாக ஞாபகம் இல்லை.

மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள். தங்கப்பழம் நிற்கிறார், கையில் காகிதம், மூக்கில் கண்ணாடி. இப்போது எட்டாவதைச் சொல்லிக்கொண்டால் கோபம் சரியாகக் கொதித்து நிற்கும். எழுந்து போய் மைக்கைப் பிடுங்க வேண்டியதுதான், எத்தனை மைக்கைப் பிடுங்கியிருக்கிறார். எட்டாவது, கமிட்டி. எட்டாவது, சிரிப்பு. ஊஹூம். வலிக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தால் தழும்பு தடவுகிற மாதிரிதான் இருக்கிறது. குனிந்து பார்த்தார். செவலைக் காது சரிந்து அவர் சுண்டுவிரலை மூடியிருந்தது. பதிமூன்று வருஷம். அதன் மீசை ரோமம் எல்லாம் நரைத்து, வெள்ளையிலேயே ஒரு தனி வெள்ளையாக இருந்தது. வாசித்தால் மட்டும் அதற்குக் கேட்கவா போகிறது? பெயர் வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பெயரைக் கேட்காமல் பெயருக்கு உரியதையெல்லாம் செய்து முடித்துவிட்டது. வேண்டியது எனக்குத்தான். சரி, எனக்கு வேண்டும், ஆமாம் வேண்டும், அதில் என்ன வெட்கம், ஆனால் அதற்காகச் சொரிமுத்து பெயருக்கு அடுத்தாற்போல் ஒரு ரகளை வேண்டாம். போகட்டும் என்று அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார், நினைத்ததும் பயந்தார், இது கிழட்டுத்தனமோ, ரத்தம் சுண்டிவிட்டதோ, இப்படித்தான் எல்லாப் போராளியும் வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து முடிந்துபோகிறானோ. முதுகில் வெயில் நகர்ந்தது. பயமும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

பெயர்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொருவராக எழுந்தார்கள், முழங்காலில் கையூன்றி, மகன் தோளைப் பிடித்து, ஒருவர் இன்சுலின் பையோடு. தெரு பார்த்தோம் பார்த்தோம் என்றது. கல்யாணத்துக்கு வந்த சிலரும் வேடிக்கையாகச் சேர்ந்து சொன்னார்கள். "சொரிமுத்து." டீக்கடையிலிருந்து சுப்புத்தாய் வடைக் கரண்டியோடே வந்து நின்றாள். தெருவைப் பார்த்து, "சொரிமுத்து." பார்த்தோம். பிறகு, "பெத்துராசு." அவர் காலை மெதுவாக உருவிக்கொண்டு எழுந்தார், தலை தரையில் மோதாமல் இருக்கச் செருப்பைக் கழற்றித் தாடைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தார். பார்த்தோம். உட்கார்ந்தார். கடைசிப் பெயரும் ஆயிற்று. தங்கப்பழம் காகிதத்தை மடித்தார்.

"மடிக்காதீக." சுப்புத்தாய் இன்னும் உட்காரவில்லை. "ஒரு பேரு விட்டுப்போச்சு." தங்கப்பழம் மைக்கைக் கையால் பொத்தினார், ஆனாலும் ஒலிபெருக்கியில் கேட்டது. "சுப்புத்தாயி, கமிட்டியில பேசி முடிச்சாச்சு." "கமிட்டியில என்ன பேசுனீக? செத்தவன் பொண்டாட்டி செருப்பைக் கழட்டுவான்னு பேசுனீக. எங்கிட்ட யாரு கேட்டா? அந்த வரிசையில செத்தவுக பொண்டாட்டி நாங்க இருக்கோம். நீங்க கேட்டீகளா?" அவள் திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி, "கேக்கலயே," என்றாள். சுப்புத்தாய் மறுபடி தங்கப்பழத்தைப் பார்த்தாள். "அது என் வீட்டுக்காரரு பக்கத்துல நின்னுச்சுய்யா. அவரு இருமிக்கிட்டுக் கெடக்கும்போது அவரு மேல சாஞ்சு படுத்துருந்துச்சு. நீங்க எல்லாம் எங்கிட்டு இருந்தீகன்னு நான் மைக்ல கேக்கவா?" கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. மண்டபத்து வாட்ச்மேனைப் பார்த்து, "எய்யா, அந்த நாதஸ்வரத்தக் கொஞ்சம் கொறைங்க, இங்கயும் ஒரு நல்ல காரியம் நடக்குது," என்றாள். அவன் என்ன நினைத்தானோ, பாட்டை நிறுத்தியே விட்டான். திடீரென்று தெரு தெருவின் சத்தத்தோடு மட்டும் இருந்தது. தங்கப்பழம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு பெத்துராசுவைப் பார்த்தார். பெத்துராசுவின் வாயில் ஒன்றும் வரவில்லை. அந்த வாயில் ஒன்றும் வராததைத் தங்கப்பழம் இதற்கு முன் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர, அன்று அதில் காகிதம் இருந்தது. "சரிய்யா," என்றார் தங்கப்பழம். "ஆனா கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். யாரும் தூக்கி நிறுத்தக் கூடாது." மைக்கிலிருந்து கையை எடுத்தார். "மணி." "முழுப்பேரு," என்றார் பெத்துராசு, குரல் கம்மி, யாருக்கும் கேட்டிருக்காது, ஆனால் தங்கப்பழத்துக்குக் கேட்டது, நாற்பது வருஷமாகக் கேட்கிற குரல். "மாசிலாமணி," என்று வாசித்தார். பெத்துராசு குனிந்தார். தோளில் இரண்டு விரல். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. கையை எடுத்துவிட்டார், எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பழுப்புக் கண் ஒன்று திறந்து அவரைப் பார்த்தது. எத்தனையோ காலை பார்த்த மாதிரித்தான் பார்த்தது. முன்னங்கால் இரண்டும் ஊன்றின. பின்பக்கம் கொஞ்சம் எழுந்து, வழுக்கி, உட்கார்ந்துவிட்டது. யாரோ ச்சொ என்றார்கள். தூக்கிவிடலாம், ஒரு கை கொடுத்தால் போதும், இடுப்புக்கு அடியில் ஒரு கை, எவன் போட்டான் இந்தக் கட்டுப்பாட்டை, எந்த மடையன் போட்டான். அது சுற்றிப் பார்த்தது. முன் வரிசையில் சுப்புத்தாய் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் இன்னொருத்தி எழுந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒருவர், அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும், நாற்காலிகள் கிறீச்சிட எழுந்தார்கள். கடைசியாகப் பெத்துராசுவும். ஆட்கள் எழுந்து நிற்பதை அது பார்த்தது. நகம் தார்ரோட்டில் கீறியது, பின்னங்கால்கள் அகன்று, ஆடி, ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. நின்றது. ஒரு காது செவலையாக, நீளமாக, வெள்ளையாக, கதவைப் பார்த்து நின்றது. தங்கப்பழம் தெருவைப் பார்த்துத் திரும்பினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பட்டுச்சேலைக்காரர்கள், வாட்ச்மேன், பூக்கூடைக்காரி எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, அதில் அந்தப் பெயர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வீடுவரை கேட்கிறபடி வாசித்தார்:

"மாசிலாமணி."